கோட்டையூர் கொல்லை மா மரங்களும் உக்கிராண அறையும்: ஆடியில் என்ன செய்யலாம்?

கோட்டையூர்_பின்கட்டு:

வணக்கம். கோட்டையூர்ப் பக்கம் பழைய வீடு, பின்கட்டை ஒட்டி 20 சென்ட் கொல்லை. சரளைச் செம்மண், இரண்டடிக்குக் கீழே செம்புறாங்கல். மா மரம் நாலு: நீலம் இரண்டு, மல்கோவா ஒன்று, நாட்டு மா ஒன்று. எல்லாம் 40 வயதைத் தாண்டியவை. நீலம் ஒன்றில் புல்லுருவி ஏறிக் கிடக்கிறது. மல்கோவாவின் அடித்தண்டில் ஓட்டை, அதிலிருந்து மரத்தூள் கொட்டுகிறது. காய்ப்பும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான். அடுப்படிக் கழுவுநீர் வாய்க்கால் நாட்டு மாவுக்குப் போகிறது. அது தழைத்து நிற்கிறதே தவிர பூப்பதில்லை. எலுமிச்சையில் இளம் இலைகள் சிறுத்து மஞ்சளாகின்றன. நெல்லி ஒன்றே ஒன்று, பூத்துக் கொட்டுகிறது, காய் இல்லை. நார்த்தைக்கு ஒரு குறையும் இல்லை.

சாமான் வைக்கும் உக்கிராண அறைக்கு ஜன்னல் கிடையாது. முன்பு சுண்ணாம்புச் சுவராக இருந்தது, இப்போது மேலே எமல்ஷன் பெயின்ட். ஐப்பசி மழையில் அரிசியில் வண்டு, முழுத் துவரையில் ஓட்டை, மாங்காய் வற்றலில் பூஞ்சை. ஆறு பேருக்கு ஒரு வருடச் சாமான் வைக்க வேண்டும். பெரிய மரப்பெட்டி இரண்டும் பீங்கான் ஜாடி ஆறும் இருக்கின்றன.

ஆடி பிறந்துவிட்டதே, இப்போது கவாத்து செய்யலாமா? எந்த மரத்தை முதலில் தொடுவது? இணையத்தில் விற்கும் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்களை அரிசிக்கும் வற்றலுக்கும் போடலாமா?

செம்புறாங்கல்_தோட்டம்:

மாவுக்கு மட்டும் எழுதுகிறேன். சாமான் விஷயத்தை ஆச்சி பார்த்துக்கொள்வார்கள்.

முதலில் அந்த வாய்க்காலைத் திருப்புங்கள். நாட்டு மா பூக்காததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். மா பூக்க வேண்டுமென்றால் மார்கழி, தையில் வேர் கொஞ்சம் காய வேண்டும். ஈரம் ஓயாமல் இருந்தால் மரம் துளிர்த்துக்கொண்டே இருக்கும், பூ மொட்டு கட்டாது. கழுவுநீரை வாழைக்கு விடுங்கள். சோப்புத் தண்ணீர் தனியாகப் போக வழி இருந்தால் இன்னும் நல்லது.

கவாத்து அறுவடை முடிந்த பிறகுதான். மல்கோவா, நாட்டு மா இரண்டையும் இப்போது தொடலாம். நீலம் பின்பருவ ரகம், காய் இன்னும் தொங்கினால் பறித்து முடித்துவிட்டு ஆவணியில் செய்யுங்கள். புரட்டாசி பாதிக்கு மேல் கத்தி வைக்க வேண்டாம். அதற்குப் பிறகு வரும் துளிர் தை மாதத்துக்குள் முற்றாது, முற்றாத கிளையில் பூ வராது.

எதை வெட்டுவது? பட்டுப்போன கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளரும் குச்சிகள், போன வருடத்துக் காய்ந்த பூங்கொத்துக் காம்பு. நடுவில் வெயில் இறங்கும் அளவுக்கு ஓரிரு கிளை எடுத்தால் போதும். மொத்தத் தழையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வருடத்தில் போகக் கூடாது. வயதான மரத்தை மொட்டையடித்தால் நீர்க்கிளைகள் குபுகுபுவென்று கிளம்பும், இரண்டு வருடம் காய் மறந்துவிட வேண்டியதுதான். திடீரென வெயில் படும் தண்டுப்பட்டையும் வெடிக்கும், அங்கேதான் துளைப்பான் முட்டை வைக்கும். அதனால் திறந்துபோன தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் முறிந்து விழும்போது தண்டுப்பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். ஒட்டும் இடத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ரம்பம் போடுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குங்கள். மிச்சக் கட்டையைக் கடைசியில், கிளை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள கழுத்துத் தடிப்பை விட்டு வெட்டுங்கள். மாம்பால் தோலைப் புண்ணாக்கும், முழுக்கைச் சட்டை அவசியம்.

வெட்டுவாய்க்குப் போர்டோ பசை. மயில் துத்தம் (காப்பர் சல்ஃபேட்) 100 கிராமை அரை லிட்டரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, இரண்டையும் மூன்றாவது பாத்திரத்தில் கலக்குங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான், இரும்பும் தகரமும் ஆகாது. கலந்த பிறகு பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே பூசிவிட வேண்டும்.

புல்லுருவியைக் கையால் ஒடித்தால் பயனில்லை, அதன் வேர் கட்டைக்குள் ஓடியிருக்கும். ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஓரடி கீழே கிளையையே வெட்டி எடுங்கள். அது பழுக்கும் முன் எடுத்துவிட வேண்டும். பழத்தைத் தின்னும் குருவிதான் விதையைப் பக்கத்து மரத்தில் ஒட்டிவைக்கிறது. பெருந்தண்டிலேயே பிடித்திருந்தால் செதுக்கிவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க மறுபடி செதுக்குவதுதான் வழி.

மல்கோவாவில் இருப்பது தண்டு துளைப்பான். ஈரமான புதுத்தூள் வந்தால் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சைக்கிள் ஸ்போக் கம்பியின் நுனியைத் தூண்டில் மாதிரி வளைத்து ஓட்டைக்குள் விட்டு இழுங்கள். விரல் நீளத்துக்குக் கொழுத்த வெள்ளைப் புழு வரும். வராவிட்டால் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை உள்ளே தள்ளிக் களிமண்ணால் அடையுங்கள். ஒரு வாரம் கழித்து அடைப்பைப் பார்த்து, புதுத்தூள் தள்ளியிருந்தால் மறுபடி செய்யுங்கள். பிறகு தளர்ந்த பட்டையைச் சுரண்டிவிட்டு, தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குத் தார் ஒரு பங்கு, மண்ணெண்ணெய் இரண்டு பங்கு கலந்து பூசினால் வண்டு முட்டை வைக்க வராது.

உரம்: ஆறு வயதுக்கு மேற்பட்ட மாவுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது தொழுவுரம் 50 கிலோ, தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல்சத்து 1.5 கிலோ. கடைக் கணக்கில் யூரியா சுமார் 2.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 6¼ கிலோ, பொட்டாஷ் 2½ கிலோ. தண்டை ஒட்டிக் கொட்டுவது வீண். ஒரு மீட்டர் தள்ளி ஆரம்பித்து, கிளை விரிவின் விளிம்பு வரை பரப்பி, ஒரு சாண் ஆழம் கொத்தி மூடுங்கள். புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். மழைக்கு நடுவே யூரியா போட்டால் பாதி கரைந்து போகும், மீதி துளிராகப் போகும்.

அடைமழை ஓய்ந்த பிறகு தண்ணீர் கூடாது. பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும்தான் முதல் தண்ணீர், அப்புறம் 10 நாளுக்கு ஒன்று. இந்தச் சரளை மண்ணில் தண்ணீரை மாசி, பங்குனியில் ஒரு மாதம் நிறுத்திவிட்டுத் திடீரென ஊற்றினால் பிஞ்சு கொட்டும், காய் வெடிக்கும்.

தேவகோட்டை_ஆச்சி:

தம்பி, அறைக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் டிரம் வாங்காதே. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், காய்ந்த நாளில் வெளியே விடும். மேலே எமல்ஷன் அடித்ததும் அந்த வழி அடைபட்டுப்போச்சு. உக்கிராணத்தில் மட்டுமாவது பெயின்டைச் சுரண்டிவிட்டு வெறும் சுண்ணாம்பு அடி. ஈரமானி ஒன்று மாட்டி வை, ரொம்ப விலையில்லை. 65 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை வராது. மழை நாளில் காற்றோட்டம் என்று கதவைத் திறந்து போடுவது தப்பு, வெளி ஈரம்தான் உள்ளே வரும். வெயில் நாளில் பத்து மணிக்கு மேல் திறந்து, மூன்று மணிக்கு மூடு. பெட்டிகள் சுவரிலிருந்து ஓரடி, தரையிலிருந்து அரையடி தள்ளி மரக்கட்டை மேல் நிற்கட்டும்.

அரிசியை ஒரு வருடத்துக்கு மொத்தமாக வாங்காதே. நாளுக்கு ஒருவருக்கு 200 கிராம் என்றால் ஆறு பேருக்கு வருடம் 438 கிலோ. மரப்பெட்டி இருக்கிறதே, நெல்லாக வாங்கிப் போட்டு இரண்டு மாதத்துக்கு ஒருதரம் அரைத்துக்கொள். 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி கணக்கு. உமி இருக்கும்வரை அரிசி வண்டு எளிதில் நுழையாது. அந்துப்பூச்சி வரும், அதனால் பெட்டி இடுக்குகளை மெழுகால் அடைத்து வை.

நெல் காய்ந்ததா என்று பார்க்க: காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் வறுத்து ஆறவைத்த பொடி உப்பு கால்பங்கு, நெல் கால்பங்கு போட்டு மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வை. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காய வேண்டும்.

அரைத்த அரிசியைக் கடும் வெயிலில் போடாதே, மணி வெடித்து நொய்யாகும். நிழலில் பரப்பிப் புடைத்து, 15 கிலோ பிடிக்கும் டின்களில் வாய்வரை நிரப்பு. பெரிய டிரம்மில் பாதி நிரப்பினால் மேலே உள்ள காற்றே வண்டுக்குப் போதும். காற்றுப் புகாத சின்ன டின்னில் நிறைந்திருந்தால் இருக்கிற காற்றைத் தின்று தீர்த்துவிட்டு வண்டு சாகும். ஒரு நேரத்தில் ஒரு டின்தான் திறக்க வேண்டும். வசம்பு, காய்ந்த மிளகாய், வேப்பிலை எல்லாம் வண்டை வராமல் விரட்டும். உள்ளே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. பச்சை வேப்பிலை போட்டால் ஈரம்தான் மிச்சம். போரிக் பவுடர் கலப்பார்கள், அது தின்கிற பொருளே இல்லை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அதன் புகை பக்கத்து அறையில் தூங்குகிறவர்களையும் கொல்லும்.

கவுனி அரிசி, கைக்குத்தல் இரண்டையும் ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதே. தவிட்டெண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும்.

முழுத் துவரையில் ஓட்டை போட்டது பயறு வண்டு. வயலிலேயே முட்டை வைத்துவிடும், நீ வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாது. வாங்கிய வாரமே கறுப்புத் தார்பாய் மேல் ஒரு அங்குல கனத்துக்குப் பரப்பி, மேலே கண்ணாடி பிளாஸ்டிக் தாள் மூடி, ஓரத்தில் கல் வை. உள்ளே 57 டிகிரி ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, வண்டு எல்லாம் முடிந்தது. பங்குனி, சித்திரை வெயிலில் நண்பகல் இரண்டு மணி நேரம் தாராளம். விதைக்கு எடுத்துவைப்பதை இப்படிச் சூடாக்க வேண்டாம். உடைத்த பருப்புக்கு வண்டு தொல்லை குறைவு. கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவி வைத்தால் போதும். ரவை, கடலை மாவு மாதிரிச் சின்ன அளவுகளை ஃப்ரீசரில் நாலு நாள் வைத்து எடுக்கலாம். வெளியே எடுத்ததும் பிரிக்காதே, பையோடு ஆறட்டும், இல்லாவிட்டால் வியர்த்துக் கட்டியாகும்.

மிளகாய், மல்லியை முழுசாக வை. பொடி இரண்டு மாதத்துக்கு மட்டும். முண்டு மிளகாயைக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும், காம்பு கிள்ளாதே.

புளி மாசி, பங்குனியில் வரும்போதே வாங்கு. கொட்டை, நரம்பு, ஓடு எடுத்து இரண்டு வெயில் காயவைத்து, கிலோவுக்கு 75 கிராம் கல் உப்பு அடுக்கடுக்காகத் தூவி ஜாடியில் அழுத்தி வை. அலுமினியமும் தகர மூடியும் புளிக்கு ஆகவே ஆகாது, அரித்துவிடும்.

மானாவாரி_மண்:

அண்ணன் உர அளவைச் சரியாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் இந்த மண்ணில் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. செட்டிநாட்டுச் செம்புறை மண் பெரும்பாலும் அமிலத் தன்மை. அந்த நிலையில் போடுகிற மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும், மரத்துக்குக் கிடைக்காது. மண் மாதிரி எடுத்துக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். மரப்பயிருக்கு மேல்மண் மாதிரி மட்டும் போதாது, ஓரடி, இரண்டடி ஆழத்தில் தனித்தனியாக எடுக்க வேண்டும். கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே வந்தால் அவர்கள் சொல்லும் அளவு சுண்ணாம்பு போடுங்கள். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒன்றாகப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், தொழுவுரத்தோடும் அப்படியே. மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். அதாவது சுண்ணாம்பு ஆவணி ஆரம்பத்தில், உரம் புரட்டாசியில்.

எலுமிச்சையில் இளம் இலை சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் துத்தநாகக் குறை. லிட்டருக்கு துத்தநாக சல்ஃபேட் 5 கிராம், சுண்ணாம்பு 2.5 கிராம் கரைத்து வடிகட்டி, புதுத் துளிர் விரிந்ததும் மாலையில் தெளியுங்கள். சுண்ணாம்பு இல்லாமல் தெளித்தால் இலை கருகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். முதிர்ந்த இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பருகே மட்டும் பச்சை நின்றால் அது மக்னீசியக் குறை, மருந்து வேறு. இலையிலும் காயிலும் சொறி இருந்தால் அந்தக் குச்சிகளை மழைக்கு முன், காய்ந்த நாளில் வெட்டி எரித்துவிட்டு காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் அடியுங்கள். தண்டில் தண்ணீர் தேங்கினால் அடியழுகல் வரும். இரட்டை வட்டப் பாத்தி கட்டுங்கள்: தண்டைச் சுற்றி ஓரடிக்கு மண் மேடு, தண்ணீர் அதற்கு வெளி வட்டத்தில் மட்டும்.

நெல்லி தனியாக நின்றால் காய்ப்பது சிரமம். தன் மகரந்தத்தில் சரியாகக் காய் பிடிக்காது. 20 அடி தள்ளி வேறொரு ரகம் வையுங்கள், உங்களுடையது என்.ஏ. 7 என்றால் காஞ்சன், கிருஷ்ணா, பி.எஸ்.ஆர். 1 ஏதாவது. இடமில்லை என்றால் இருக்கிற மரத்திலேயே ஒரு கிளையில் மற்ற ரகத்தை ஒட்டுக் கட்டலாம்.

கோட்டையூர்_பின்கட்டு:

மிக்க நன்றி. வாய்க்காலைத் திருப்பக் கொத்தனாரிடம் சொல்லியாச்சு. ஆச்சி, வற்றல் ஏன் பூஞ்சை பிடித்தது, அந்த ஆக்சிஜன் பொட்டலம் அதற்கு உதவுமா? நார்த்தங்காய்க்கும் அளவு சொல்லுங்கள். அண்ணே, மல்கோவாவுக்கு வேரில் ஏதோ மருந்து ஊற்றினால் வருடா வருடம் காய்க்கும் என்று உரக்கடையில் சொல்கிறார்கள், ஊற்றலாமா?

தேவகோட்டை_ஆச்சி:

வற்றல் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்திருக்கும். தடியாக நறுக்கி முதல் நாளே கொதிக்கிற வெயிலில் போட்டால் மேல் தோல் இறுகி உள் ஈரம் அடைபடும். சுண்டுவிரல் கனத்துக்கு மேல் நறுக்காதே. ஒரு கிலோ துண்டுக்கு 120 கிராம் கல் உப்பு, அரை தேக்கரண்டி மஞ்சள்தூள். இரண்டு நாள் ஜாடியில், தினம் இருதரம் குலுக்கு. மூன்றாம் நாள் பிழிந்து பாயில் காயவை, சாயங்காலம் மறுபடி அதே உப்புத் தண்ணீரில் போடு. தண்ணீர் முழுக்க இழுத்த பிறகு நாலைந்து வெயில் நன்றாகக் காயட்டும். எடை போட்டுப் பார், உப்போடு சேர்ந்து ஏறக்குறைய 300 கிராமுக்கு வந்திருக்க வேண்டும்.

உடனே கட்டி வைக்காதே. கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு போட்டு மூடி, ஒரு வாரம் தினம் குலுக்கிப் பார். உள்ளே ஆவி படிந்தால் மறுபடி வெயிலுக்கு. படியாவிட்டால் ஜாடிக்கு மாற்றலாம். வற்றலும் வடகமும் எடுக்க ஈரக்கை கூடாது, மழைக்காலத்தில் ஜாடியைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டு நிற்கவும் கூடாது.

ஆக்சிஜன் பொட்டலம் பத்து சதவீத ஈரத்துக்குக் கீழே உள்ள, எண்ணெய் இல்லாத பண்டத்துக்குத்தான். நம் அரிசி அதைவிட ஈரமாகத்தான் வரும். மெத்தென்று இருக்கும் மாங்காய் வற்றல், எண்ணெயில் போட்ட பூண்டு இதிலெல்லாம் காற்றை எடுத்துவிட்டால், காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமிக்கு வழி விட்டதாகும். வாடையிலும் நிறத்திலும் தெரியாது. சாதாரணப் பிளாஸ்டிக் பையில் போட்டால் காற்று மறுபடி புகுந்துவிடும், அலுமினியத் தாள் பைதான் தாங்கும். உனக்கு அது தேவைப்படாது.

நார்த்தங்காய் கிலோவுக்கு 225 கிராம் கல் உப்பு. நாலாகக் கீறி அடி ஒட்டியிருக்க, உள்ளே உப்பை அடை. மூன்று நாள் ஊறிய பிறகு பகலில் வெயில், இரவில் உப்புத் தண்ணீர், அது இழுத்துத் தீரும்வரை. அப்புறம் வெறும் வெயில், வெளியில் உப்புப் பூக்கும்வரை. வருடக் கணக்கில் இருக்கும்.

ஜாடிகளை முதலில் சோதி. தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி வை, வெளிப்பக்கம் ஈரப் புள்ளி தெரிந்தால் உப்புப் பண்டத்துக்கு ஆகாது, பருப்புக்கு வைத்துக்கொள். உட்புறம் வண்ணப் பூச்சு உள்ள பழைய ஜாடியில் புளிப்பு எதுவும் போடாதே, அந்தப் பூச்சில் ஈயம் இருக்கலாம்.

செம்புறாங்கல்_தோட்டம்:

கடைக்காரர் சொல்வது பேக்லோபியூட்ரசால். புரட்டாசி வாக்கில் வேரில் ஊற்றுவார்கள், துளிரை அடக்கிப் பூவைத் தூண்டும். தோட்டக்காரர்கள் உரம் குறையாமல் போட்டுக்கொண்டு பயன்படுத்துகிறார்கள். துளைப்பான் அடித்து, இந்த வருடம் கத்தியும் படப்போகிற கிழ மரத்துக்கு அது வேண்டாம். மண்ணில் நாள்பட நிற்கும் மருந்து, அளவு மீறினால் துளிர் குட்டையாகிக் கொத்தாக நின்றுவிடும். மல்கோவா இயல்பிலேயே காய்ப்பு குறைந்த ரகம், நீலத்தோடு ஒப்பிடாதீர்கள். மாசி பிறந்தும் பூ வராவிட்டால், முதிர்ந்த இலைகள் நனைய பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 கிராம் ஒருமுறை அடித்துப் பாருங்கள். நிறையக் காய்த்த வருடத்தில் பிஞ்சு கோலிக்குண்டு அளவில் இருக்கும்போது கொத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் விட்டு மீதியைக் கிள்ளிவிட்டால் அடுத்த வருடப் பட்டினி குறையும்.

பூக்கும்போது தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் சேர்ந்து வரும். மரத்தடியில் நின்றால் முகத்தில் பட்டுப் பட்டென்று மோதும், இலை பிசுபிசுக்கும், பிறகு கரும்பூசணம் படரும். பூங்கொத்து நீளும்போதே வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, ஒட்டும் திரவத்தோடு மாலையில் அடியுங்கள். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் 2 கிராம். இரண்டையும் கலக்கக் கூடாது, இரண்டு வாரம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பூ கருகும். பூ முழுக்க விரிந்திருக்கும் வாரத்தில் எதுவும் வேண்டாம், ஈயும் தேனீயும் வந்தால்தான் காய் பிடிக்கும்.

பழ ஈக்கு, காய் முற்றத் தொடங்கும் முன் சித்திரையிலேயே மெத்தில் யூஜினால் பொறி இரண்டு, ஆள் உயரத்தில் நிழலான கிளையில் கட்டுங்கள். அதில் விழுவது ஆண் ஈ மட்டும், அதனால் கீழே விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைத்தால்தான் பொறிக்குப் பலன். உங்கள் கொல்லையில் இரண்டடியில் கல் தட்டுகிறது, ஆகவே விழுந்த பழத்தைத் தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் கிடத்திவிட்டு எருக்குழியில் கொட்டுங்கள்.